புகைமூட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "ஏதோ எரியிற வாடை வருதே, உங்க வீட்டுக்கும் வருதா?" கொஞ்ச நேரத்தில் சுமத்ரா வரைபடம் ஒன்று வந்து விழும், முழுக்கச் சிவப்புப் புள்ளிகளோடு. அப்புறம் கேள்விகள் வரிசை கட்டும்.

நான் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது 2013-இல். அந்த ஆண்டு ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் மூன்று மணி நேர பிஎஸ்ஐ, அதாவது காற்று மாசுக் குறியீடு, 401-ஐத் தொட்டது. எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆஸ்துமா இருக்கும் மகளை ஓர் அறையில் வைத்து, கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். இது எப்போது விலகும் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதற்காகக் கற்றுக்கொண்டவைதான் இவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

அக்கா, இந்தப் புகை உண்மையிலேயே எங்கேர்ந்துதான் வருது?

பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து. சுமத்ராவில் ரியாவ், ஜாம்பி, தெற்கு சுமத்ரா மாநிலங்கள். போர்னியோ தீவில் கலிமந்தான் பகுதி. மலேசியாவிலும் சில இடங்களில் எரிவதுண்டு. ஆனால் நம் கண்ணை எரிய வைக்கும் பெரிய புகைமூட்டங்களுக்கு மூலம் அந்தப் பக்கம்தான்.

அங்கே எரிவது மரம் மட்டும் இல்லை, மண்ணே எரிகிறது. பீட் என்ற அந்தச் சதுப்பு மண், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் நீருக்குள் தங்கிப்போன இலை, கிளை, வேர்களால் ஆனது. ஈரமாக இருக்கும்வரை எரியாது. எண்ணெய்ப்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், மேலடுக்கு காய்ந்து எரிபொருளாகிவிடும். தீ கீழ்நோக்கி இறங்கி, கொழுந்தே இல்லாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் அணைவதில்லை. நிலத்தடி நீர் ஏறும் அளவுக்கு மழை வேண்டும். எல் நினோவால் மழை பொய்த்த 2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது.

ஏகப்பட்ட செயற்கைக்கோள் பேரு சொல்றாங்க. நான் எதைப் பார்க்கணும்?

இரண்டு வகைதான், இரண்டுமே வேண்டும். முதல் வகை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரி. ஜப்பான் வானிலை நிறுவனத்தின் ஹிமாவாரி-9, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், 140.7 பாகை கிழக்கில் நிற்கிறது. பூமியின் இந்தப் பக்கம் முழுவதையும் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை படமெடுக்கிறது. புகை நகர்வதைப் பார்க்க இதுதான்.

இரண்டாவது வகை தபால்காரர் மாதிரி, சுற்றி வரும்போது மட்டும் நம் தெருவுக்கு வருவார். ஆனால் கிட்டே வந்து பார்ப்பார். 1999-இல் ஏவிய டெர்ராவும் 2002-இல் ஏவிய அக்வாவும் இதில் மூத்த தலைமுறை. அவற்றில் இருக்கும் கருவி மோடிஸ். அடுத்த தலைமுறை சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21. அவற்றில் இருப்பது வீர்ஸ். இவை 700 முதல் 830 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. வீர்ஸ் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டியும். மோடிஸ் படத்தில் நிலநடுக்கோட்டுப் பக்கம் கறுப்பு இடைவெளி விழும். அது புகையும் இல்லை, கோளாறும் இல்லை. இரண்டு சுற்றுக்கு நடுவில் விட்டுப்போன துண்டு. வீர்ஸ் அகலமாகப் பார்ப்பதால் அந்த இடைவெளி வராது.

போன்லயே பார்க்கலாமா? காசு கட்டணுமா?

கட்ட வேண்டாம். நாசாவின் வேர்ல்டுவியூ பக்கத்தில் மோடிஸ், வீர்ஸ் படங்களை நாள்வாரியாகப் பார்க்கலாம், 2000-ஆம் ஆண்டுவரை பின்னாலும் போகலாம். தீப்புள்ளிகளுக்கு நாசாவின் ஃபர்ம்ஸ். செயற்கைக்கோள் கடந்து போன மூன்று மணி நேரத்துக்குள் புள்ளிகள் ஏறிவிடும். ஹிமாவாரி படங்களை ஜப்பானியத் தளங்கள் ஓடும் படமாகவே தருகின்றன. சிங்கப்பூரில் இயங்கும் ஆசியான் சிறப்பு வானிலை மையம், புகை எங்கே படர்ந்திருக்கிறது, தாழ்வான காற்று எந்தப் பக்கம் என்று ஒரே வரைபடத்தில் போடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பெரும்பாலான படங்களில் உலகப் பொது நேரம்தான் இருக்கும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 8 மணி நேரம் கூட்ட வேண்டும், ஜாம்பிக்கும் பாலெம்பாங்குக்கும் 7. "காலை 9 மணிப் படம்" என்று குழுவில் வந்தது பல தடவை மாலை 5 மணிப் படமாக இருந்திருக்கிறது.

எனக்கு எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது. மேகம் எது, புகை எது?

இதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். நானும் ஒரு மாதம் தடுமாறினேன். மேகத்துக்கு ஓரம் இருக்கும். பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மேடு பள்ளம் தெரியும், பக்கத்தில் நிழல் விழும். புகைக்கு ஓரமே கிடையாது. கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாமல் கரையும். நிறமும் தூய வெள்ளை இல்லை. சாம்பலோடு கொஞ்சம் நீலம், தடிமனான இடத்தில் பழுப்பு. புகைக்கு அடியில் ஆறும் கடற்கரையும் மங்கலாகத் தெரியும். மேகத்துக்கு அடியில் ஒன்றும் தெரியாது.

உறுதி செய்ய இரண்டு வழி உண்டு. முதலாவது, ஓட விட்டுப் பாருங்கள். மேகம் பிறக்கும், பொங்கும், கலையும். புகை ஒரு புள்ளியில் கட்டப்பட்ட நூல் மாதிரி அங்கிருந்தே வந்துகொண்டிருக்கும். 2019 செப்டம்பரில் ஒரு மாலை ஜாம்பிப் பக்கத்துப் படங்களை ஓடவிட்டேன். திட்டுத் திட்டான மேகங்கள் எழுந்து அடங்கிக்கொண்டிருக்க, அவற்றுக்குக் கீழே ஊதுவத்திப் புகை மாதிரி நாலைந்து இழைகள் ஒரே பக்கம் சாய்ந்து, போகப் போக விரிந்து, கடைசியில் ஒரே பாயாகிவிட்டன. அதைப் பார்த்த பிறகு எனக்கு மேகமும் புகையும் குழம்பியதே இல்லை.

இரண்டாவது, நிறத்தை மாற்றிப் பாருங்கள். வேர்ல்டுவியூவில் மோடிஸ் படத்துக்கு 7-2-1 என்று ஒரு நிறக் கலவை உண்டு. அகச்சிவப்பும் கலந்தது என்பதால் அதில் நுண்ணிய புகைத் துகள்கள் மெல்லிய நீலப் படலமாகக் குறைந்துவிடும், மேகம் அப்படியே நிற்கும். எரிந்த நிலம் செங்கல் நிறத்தில் தெரியும்.

எந்த நேரத்துப் படத்துல புகை நல்லாத் தெரியும்?

ஹிமாவாரியில் பார்ப்பதென்றால் மாலை. காரணம் எளிது. வெயில் படும் ஜன்னலில் தூசி பறப்பது, வெயிலை நோக்கிப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரியும்; வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் தெரியாது. ஹிமாவாரி சுமத்ராவுக்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் மேற்கே போனதும் அது சூரியனை நோக்கிப் பார்க்கிற நிலை வரும். நண்பகலில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்த இடம் ஐந்து மணிக்கு முழுக்கப் புகையாகத் தெரியும். திடீரென்று பற்றி எரிந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். வெளிச்சக் கோணம்தான் மாறியது.

கடல் மேல நீளமா சாம்பல் பட்டை தெரியுதே, அது புகைதானே?

பல தடவை இல்லை. அது கடல் நீரில் பட்டுத் திரும்பும் வெயில். துருவச் சுற்றுச் செயற்கைக்கோள்களின் படங்களில், சூரியனும் செயற்கைக்கோளும் சரியான கோணத்தில் அமையும் இடத்தில் வடக்கு தெற்காக ஒரு பளபளப்புப் பட்டை விழும். நிலத்தைத் தொட்டதும் அது வெட்டிய மாதிரி நின்றுவிடும். புகை அப்படிக் கரையில் நிற்காது, நிலத்துக்கும் ஏறும்.

வரைபடத்துல இருக்கிற சிவப்புப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு தீயா?

இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம். மோடிஸில் அந்தக் கட்டம் சுமார் ஒரு கிலோமீட்டர், வீர்ஸில் 375 மீட்டர். கட்டத்துக்குள் எங்கோ, சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாக ஏதோ இருக்கிறது என்பதுதான் புள்ளியின் அர்த்தம். கட்டம் முழுக்க எரிய வேண்டியதில்லை. அதில் மிகச் சிறிய பங்கு எரிந்தாலே புள்ளி விழும். ஏனென்றால் சூடான பொருள் சுமார் 4 மைக்ரான் அலைநீளத்தில் பிரகாசமாகக் கதிர் வீசும். சுற்றியிருக்கும் காடு அந்த அலைநீளத்தில் மங்கல்தான். இருட்டறையில் ஒரு அகல் விளக்கு எப்படித் தெரியுமோ அப்படி அது தெரிகிறது.

மாறாக, ஒரே பெரிய தீ பத்துக் கட்டங்களில் பத்துப் புள்ளியாகவும் விழலாம். மூன்று செயற்கைக்கோளும் பார்த்தால் முப்பதாகிவிடும். அதனால் "நேற்று 80, இன்று 240" என்று செய்தி வந்தால், எந்தச் செயற்கைக்கோளின் கணக்கு என்று முதலில் பாருங்கள். ஒரே செயற்கைக்கோளின் கணக்கை நாளுக்கு நாள் ஒப்பிடுவதுதான் சரி.

ஜூரோங் தீவுலயே சிவப்புப் புள்ளி காட்டுதே! அங்க தீயா?

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய் உச்சியில் எரியும் வாயுச் சுடரும் சூடுதான். செயற்கைக்கோளுக்கு வித்தியாசம் தெரியாது. மாதக்கணக்கில் அதே இடத்தில் நகராமல் விழும் புள்ளி ஆலையாகத்தான் இருக்கும். சில சமயம் எரிமலை.

இன்னிக்கு ஹாட்ஸ்பாட் வெறும் அஞ்சுதான்னு நியூஸ்ல சொல்றாங்க. ஆனா புகை தாங்கல. பொய் சொல்றாங்களா?

பொய் இல்லை. ஹாட்ஸ்பாட் என்பது மேலே சொன்ன சிவப்புப் புள்ளிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் தனியாகச் சொன்னால் தப்பான எண்ணம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் காரணம் மேகம். 4 மைக்ரான் கதிர் மேகத்தைத் துளைக்காது. சுமத்ரா மேல் பாதி நாள் மேகம் மூடியிருக்கும், செயற்கைக்கோள் வரும் அந்தச் சில நிமிடத்தில் மூடியிருந்தால் புள்ளி இல்லை. இரண்டாவது காரணம் நேரம். பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றியது ஒன்றரை மணிப் பார்வையில் விழாது.

மூன்றாவதுதான் முக்கியம். முதல் பதிலில் சொன்ன பீட் தீ. மண்ணுக்கு அடியில் கொழுந்தில்லாமல் கனலும்போது மேற்பரப்பு அவ்வளவு சூடாவதில்லை. அதே நேரம், அரைகுறையாகக் கனலும் அந்தத் தீதான் கொழுந்துவிட்டு எரிவதைவிட அதிகம் புகைகிறது. அதாவது செயற்கைக்கோளுக்குத் தெரியாத தீதான் நம்மை அதிகம் இருமவைக்கிறது. புள்ளி குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். புகைப் படலத்தைப் பாருங்கள்.

காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஜூனிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பெயரைப் பார்த்து எங்கும் தென்மேற்கிலிருந்துதான் காற்று வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது தென்கிழக்கிலிருந்து வருகிறது. கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. சிங்கப்பூர் கோட்டிலிருந்து 137 கிலோமீட்டர்தான் வடக்கே. அந்த வளைவின் முழங்கையிலேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால்தான் இங்கே காற்று தென்கிழக்குக்கும் தென்மேற்குக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டம்தான் நம் கதி. தென்கிழக்கிலிருந்து வீசினால் ஜாம்பி, பாலெம்பாங் புகை ரியாவ் வழியாக மலாக்கா நீரிணை தாண்டி தீபகற்பத்தின் மேற்குக் கரைக்குப் போகும். கிள்ளானும் பினாங்கும் கஷ்டப்படும், நமக்கு வானம் நீலமாக இருக்கும். தெற்கோ தென்மேற்கோ ஆனால் நமக்கு வரும். 2013 ஜூனில் ரியாவின் டுமாய், பெங்காலிஸ் பக்கம் எரிந்தது. காற்று மேற்கிலிருந்து நேரே நம் மேல் வந்தது, 21-ஆம் தேதி 401. காற்று வடக்கே திரும்பியது. 23-ஆம் தேதி காலை ஜோகூரின் மூவாரில் ஏபிஐ (மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு) 746 ஆகி அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. தீ அதே இடத்தில்தான். நாம் மூச்சுவிட்டது, மூவார் மூச்சுத் திணறியபோது.

ஓடும் படத்தில் காற்றைப் பார்க்க ஒரு வழி: தாழ்வான குட்டி மேகங்கள் போகும் திசையைக் கவனியுங்கள். உயரத்து இழை மேகங்களைப் பார்க்காதீர்கள். இந்தப் பருவத்தில் மேல்காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும், புகையோ தாழ்வாக வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அப்போ ஜாம்பியில எரிஞ்சா எத்தனை மணி நேரத்துல இங்க வரும்?

ஜாம்பி நகரம் நமக்குச் சுமார் 330 கிலோமீட்டர் தெற்கே. தாழ்வான காற்று மணிக்கு 10 கடல்மைல், அதாவது 18 கிலோமீட்டர் சொச்சம் என்றால், கிட்டத்தட்ட 18 மணி நேரம். மாலைப் படத்தில் அங்கே தடித்திருந்தால் மறுநாள் நண்பகலையொட்டி இங்கே எதிர்பார்க்கலாம். பாலெம்பாங் சுமார் 490 கிலோமீட்டர், அதே வேகத்தில் ஒரு நாளுக்கு மேல். ரியாவின் கிழக்குக் கரையிலிருந்து அரை நாள் போதும்.

இது மனக்கணக்குதான். காற்று வழியில் திரும்பும், பிற்பகல் இடிமழை கழுவிவிடும், சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் மழைப்புயல் வரிசை ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் அமெரிக்க நோவா அமைப்பின் ஹைஸ்பிளிட் என்ற கணிப்பு முறை உண்டு. இந்த இடத்துக் காற்று நேற்று எங்கே இருந்தது என்று பின்னோக்கி வரைந்தும் காட்டும்.

படத்துல நம்ம மேல ஒண்ணுமே இல்ல. ஆனா மூக்கு எரியுது. அது எப்படி?

செயற்கைக்கோள் மேலிருந்து கீழ்வரை மொத்தக் காற்றையும் ஒரே தாளாகப் பார்க்கிறது. அதில் எவ்வளவு நம் மூக்கு உயரத்தில் இருக்கிறது என்று படம் சொல்லாது. இரவில் தரை குளிர்ந்து காற்று அடங்கும்போது, மெல்லிய புகைகூடத் தரையோடு அமுங்கி அடர்த்தியாகிவிடும். மேலிருந்து பார்த்தால் லேசான மங்கல், கீழே நல்ல வாடை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: படத்தில் தடிமனாக இருக்கும், ஆனால் புகை உயரத்தில் கடந்துபோவதால் தரையில் அளவு ஏறாது.

உயரத்தை அளக்க லேசர் வேண்டும். 2006-இல் ஏவிய கலிப்ஸோ அதைச் செய்தது, 2023-இல் ஓய்ந்தது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இப்போது லேசரோடு சுற்றுகிறது. ஆனால் அது ஒரு மெல்லிய கோட்டை மட்டுமே அளக்கும், உங்கள் புளோக் மேல் அன்று வரும் என்று நம்பி இருக்க முடியாது. மூக்குக்கு எது வருகிறது என்று தரைக் கருவிதான் சொல்ல வேண்டும்.

ராத்திரியில எப்படிப் பார்க்கிறது?

புகையைப் பார்ப்பது கடினம். வெப்பப் படங்களில் மேகம் தெரியும், ஆனால் புகைத் துகள் மிக நுண்ணியது, அந்த நீண்ட அலைநீளத்துக்கு அது இல்லாத மாதிரிதான். தீப்புள்ளி மட்டும் இரவிலும் விழும். வீர்ஸில் மிக மங்கலான வெளிச்சத்தையும் பதியும் ஒரு பட்டை உண்டு. நல்ல நிலவு இருந்தால் அதில் புகையும் தெரிவதுண்டு. நான் இரவில் படத்தை விட்டுவிட்டு, மாலையில் கடைசியாகப் பார்த்த இடத்தையும் காற்றையும் வைத்துக் கணக்குப் போடுவேன்.

முழுக்க மேகமா இருந்தா?

அப்போது கண்ணுக்குத் தெரியாத ஒளி உதவும். 2017-இல் ஏவிய ஐரோப்பாவின் சென்டினல்-5பி, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடை அளக்கிறது. புகை போன பாதை அதில் நிறமாக விழும். புறஊதாக் கதிரால் கணக்கிடும் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) குறியீடும் அதில் உண்டு, மேகத்துக்கு மேலே மிதக்கும் புகையை நன்றாகக் காட்டும்.

ஆனால் அந்தக் குறியீட்டை நம் ஊருக்கு வைத்துப் பார்க்கும்போது கவனம் வேண்டும். புகை எவ்வளவு உயரமோ அவ்வளவு பலமாகத்தான் அது காட்டும். பீட் புகை பெரும்பாலும் ஒன்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே தங்கும். அதனால் வரைபடத்தில் வெளிர்மஞ்சளாக இருக்கிறதே என்று ஜன்னலைத் திறந்துவிடக் கூடாது.

ஏரோசால் வரைபடத்துல சுத்திச் சிவப்பு, நடுவுல மட்டும் வெறுமையா ஓட்டை. நடுவுல புகை இல்லையா?

இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் மிக அதிகம். கணினி முதலில் மேகத்தைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, மீதியில் துகள் அளவைக் கணக்கிடும். புகை மிகத் தடிமனாகும்போது அதையும் மேகமென்று நினைத்து ஒதுக்கிவிடுகிறது. 2015 மாதிரிக் கடுமையான நாட்களில் இது நடந்தது. ஓட்டை தெரிந்தால் உடனே அதே இடத்தின் இயல்பு நிறப் படத்தைத் திறந்து, மேகம் புகை வித்தியாசம் பற்றி மேலே சொன்ன அடையாளங்களைப் பாருங்கள்.

ஜாம்பியில பகல்லயே வானம் ரத்தச் சிவப்பா இருந்த வீடியோ வந்துச்சே, நிஜமா?

நிஜம். 2019 செப்டம்பர் 21, முவாரோ ஜாம்பி வட்டாரம். அன்று அங்கே புகை மிகத் தடித்திருந்ததை அப்போது பணியில் இருந்த ஹிமாவாரி-8 படமும் காட்டியது. துகள்களின் அளவு சிவப்பு ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருக்கும்போது சிவப்பே அதிகம் சிதறிக் கண்ணுக்கு வரும் என்று இந்தோனேசிய வானிலைத் துறை விளக்கியது. நமக்கு வருவது அந்த மக்களைக் கடந்து வந்த மிச்சம். இதை நான் ஒவ்வொரு ஆண்டும் குழுவில் சொல்வேன். நம் பிஎஸ்ஐ 150 ஆகும் நாளில் அங்கே பிள்ளைகள் என்ன மூச்சுவிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா புகை உலகத்தையே சுத்துச்சாம். நம்ம புகை ஏன் அவ்வளவு தூரம் போகல?

உயரம்தான் காரணம். 2019 டிசம்பர் கடைசியிலும் 2020 ஜனவரி தொடக்கத்திலும் ஆஸ்திரேலியக் காட்டுத்தீ மிகக் கடும் வெப்பத்தோடு எரிந்து தனக்கென்றே இடிமேகங்களை எழுப்பியது. அவை புகையை மழை எட்டாத அடுக்குக்கு ஏற்றிவிட்டன. அங்கே கரும்புகை வெயிலில் சூடாகி மேலும் ஏறியது. ஒரு திரள் சுமார் 35 கிலோமீட்டர்வரை போனது. பீட் தீக்கு அந்த வேகம் இல்லை. தாழ்வாகவே தங்கி, மழையில் கரையும். அதனால்தான் தூரம் குறைவு, ஆனால் பக்கத்தில் இருப்பவர்களின் நுரையீரலுக்கு நேரே வருகிறது.

சென்னைக்கு வருமான்னு ஊர்லேர்ந்து அம்மா கேக்குறாங்க.

பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாதங்களில் வங்காள விரிகுடா மேல் காற்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கித்தான் வீசும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மட்டும் புகை மேற்கே போகும். 1997-இல் இந்தியப் பெருங்கடல் மேல் வெகுதூரம் படர்ந்ததை நாசாவின் டாம்ஸ் கருவி பதிந்தது.

யார் கொளுத்தினதுன்னு படத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?

எங்கே என்று சொல்லலாம், யார் என்று படம் மட்டும் சொல்லாது. 10 மீட்டர்வரை நுணுக்கமாகப் பார்க்கும் சென்டினல்-2, 30 மீட்டர் பார்க்கும் லேண்ட்சாட் படங்களில் எரிந்த வடு எந்தக் கால்வாய் ஓரம் தொடங்கி எந்தப் பக்கம் பரவியது என்பதுவரை தெரியும். அதன் மேல் தோட்ட எல்லை வரைபடத்தை வைத்துப் பார்க்கிறார்கள். சிங்கப்பூர் 2014-இல் இயற்றிய எல்லைதாண்டிய புகைமூட்டச் சட்டமும், வெளிநாட்டில் தீ வைத்து இங்கே காற்றைக் கெடுக்கும் நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது.

சிக்கல் எங்கே என்றால், தீ வெளியிலிருந்து தோட்டத்துக்குள் பரவியிருக்கலாம், உள்ளிருந்து வெளியே போயிருக்கலாம். ஒரே நிலத்துக்கு நிறுவனமும் கிராமமும் உரிமை கோரலாம். எல்லை வரைபடங்களே ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் தோட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்ததை வைத்து உடனே பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது சரியில்லை. ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஆண்டு வடு விழுந்து, அடுத்த ஆண்டுப் படத்தில் அங்கே வரிசையாகக் கன்றுகள் தெரிந்தால், அதை விசாரித்தே ஆக வேண்டும். அந்த வரிசை செயற்கைக்கோளில் தெளிவாகத் தெரியும்.

சரி அக்கா, நாளைக்குப் பிள்ளையை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாமா? அதைச் சொல்லுங்க.

நான் செய்வது இது. முந்தின நாள் மாலை ஐந்து மணி ஹிமாவாரிப் படத்தை ஓடவிட்டு, தெற்கிலும் தென்மேற்கிலும் 400 கிலோமீட்டருக்குள் புகைப் பாய் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஆசியான் மையத்தின் காற்று வரைபடத்தோடு ஒத்துப் பார்ப்பேன். வருகிற மாதிரி இருந்தால் இரவே ஜன்னலைச் சாத்திவிடுவேன். மகளின் பையில் இன்ஹேலரும் என்95 முகக்கவசமும் போய்விடும்.

காலையில் படத்தைத் திறப்பதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஒரு மணி நேர பிஎம் 2.5 (நுண்துகள்) அளவைத்தான் பார்ப்பேன், அதுவும் எங்கள் வட்டாரத்துக்கானதை. இப்போதைய பிஎஸ்ஐ 24 மணி நேரச் சராசரி. புகை வந்து சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும், போன பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். வெளியே ஓடி ஆடலாமா என்று அந்த நேரத்தில் முடிவெடுக்க ஒரு மணி நேர அளவே சரி. 55-க்குள் இருந்தால் இயல்பு நிலை, மகள் போவாள். 55-ஐத் தாண்டினால் என் மகளை அனுப்ப மாட்டேன். ஆஸ்துமா இல்லாத பிள்ளைகளுக்கு வாரியத்தின் அன்றைய ஆலோசனையைப் பாருங்கள். பத்து மணிக்கு இன்னொரு தடவை அளவைப் பார்ப்பேன், ஏனென்றால் ஜாம்பிப் புகை அதற்குப் பிறகுதான் வந்து சேரும்.